தோட்டத்துப் பிள்ளைகளும் வளர்த்த உறவினரும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கங்காணியை எழுதுவர். தொழிற்சங்கத் தலைவரை எழுதுவர். பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரியவரை எழுதுவர். பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளைத் தன் லயத்து அறையில் வைத்துக் காத்த பாட்டியை எழுதியவர் அரியர். அவளுக்கு அரசு துணை நிற்க வேண்டுமா, அன்றி உறவுக்கடமைக்கு உதவித்தொகை எதற்கென்று விட்டுவிடலாமா என்னும் வினா இந்நாட்டில் பன்னெடுங்காலமாகத் தீராமலே இருந்து வருகிறது. ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த ஜொகூர் மாநிலத்தை முன்வைத்து அதனை ஆராய்வது பயன்தரும்.

போருக்கு முற்பட்ட காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைக் குறித்துச் சட்டம் அறவே பேசாதிருக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. தாய்மார் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளைக் காக்க ஆயாக் கொட்டகை இருந்தது. ஆனால், இவையெல்லாம் வேலைக்குப் போகும் தாயொருத்தி இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொண்டு எழுந்தவை. தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு வழி யாது? 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆள்கணக்கில் பணம் கட்டினர். அந்நிதி ஆள் சேர்ப்பதற்கும் கப்பற்செலவுக்கும் பயன்பட்டது. உழைக்க இயலாதாரை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. தொழிலாளி இந்நாட்டில் வேரூன்றுவான், அவனுக்குப் பேரன் பேத்தி பிறப்பர் என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

போர் அந்தக் கணக்கைச் சிதைத்தது. 1942 சனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அவ்வாண்டின் நடுவிலே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இருமுனையும் இணைந்தன. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலார் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்களைப் படித்த மாணவர் இதனை நன்கறிவர். அப்புதினங்கள் சயாமுக்குப் போனவர்களின் கதையைச் சொல்கின்றன. போகாமல் லயத்தில் எஞ்சியவர்களின் கதையோ வேறு. கணவன் திரும்பவில்லை, மனைவியும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நோயில் விழுந்தாள். அவள் பிள்ளைகளைப் பெரியம்மாவும் தாய்மாமனும் ஆளுக்கொருவராகப் பங்கிட்டுக்கொண்டனர். எந்த அலுவலகமும் இதனைப் பதியவில்லை.

போர் முடிந்தபின், 1946இல் மலாயாவில் சமூகநலத் துறை அமைந்தது. ஆறாண்டுகளில் இரு சட்டங்கள் வந்தன. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இஸ்லாமியர் அல்லாதார்க்கு உரியது. நீதிமன்ற ஆணை பெற்றால், பிள்ளை முழு உரிமையுடைய பிள்ளையாகும். அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் ஈராண்டு தொடர்ந்து வளர்த்தவர் பதிந்துகொள்ள இடந்தந்தது. ஆயின், சொத்துரிமை தரவில்லை. முதற்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு: பிறர் தத்தெடுக்க 25 வயது வேண்டும், உறவினர்க்கோ 21 போதும். உறவென்பது தனித்தன்மையுடையது என்பதைச் சட்டம் அந்த ஓரிடத்திலேனும் உணர்ந்திருந்தது.

தமிழாசிரியர்கள் இங்குச் சொற்களையும் நோக்க வேண்டும். தமிழில் தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. தந்தையின் தமையன் பெரியப்பா. உறவுப்பெயருக்குள்ளேயே அம்மாவும் அப்பாவும் அடங்கியிருக்கின்றனர். ஆகவே, அக்காள் மகனை வளர்க்கும் சின்னம்மாவுக்குத் தான் ‘தத்தெடுக்கிறோம்’ என்னும் எண்ணமே எழுவதில்லை. தன் பிள்ளையைத் தானே தத்தெடுக்க யார் நீதிமன்றம் போவார்? அவள் சாதாரணமாக ‘எடுத்து வளர்த்தாள்’. பண்பாட்டின் இந்தச் செல்வமே பின்னர்ச் சட்டத்தின்முன் வறுமையாயிற்று.

ஆவணம் இல்லாமையே அவ்வறுமை. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது, பதிவு வேண்டும். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையையே பின்பற்றும். தாய் வெளிநாட்டினளாயின், தந்தை இந்நாட்டவராயினும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். தந்தை இறந்து, தாய் பிரிந்துபோக, பாட்டியிடம் தங்கிவிட்ட பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரத்தைக்கூட முறையாகக் காட்ட இயலாமற்போகிறது. தத்தெடுத்தாலும் குடியுரிமை தானாக வருவதில்லை. பள்ளியில் சேர்ப்பது முதல் தேர்வெழுதுவது வரை தலைமையாசிரியர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் வேறொரு திசையிலிருந்து வந்தன. 1990இல் கொடுமைக்குள்ளான ஒரு தமிழ்க் குழந்தையின் மரணம் நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1995இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2001ஆம் ஆண்டின் குழந்தைச் சட்டம் முந்தைய சட்டங்களை ஒருங்கிணைத்தது. அச்சட்டத்தின்படி, பெற்றோரற்ற பிள்ளையை நீதிமன்றம் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பம் சார்ந்த பராமரிப்பு என்னும் கருத்தை வலியுறுத்தியது. இல்லங்களில் பிள்ளைகளை அடைத்து வைப்பதினும் குடும்பத்தில் வளர்ப்பதே மேல் என்பதை அரசும் ஒப்பிற்று எனலாம்.

ஒப்பிய பின்னர்ப் பணம் எங்கே என்பதே வாதம். நீதிமன்ற ஆணைவழி வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தனி உதவித்தொகை உண்டு. ஆணையின்றிப் பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கோ வறுமையளவை பார்த்துத் தரும் குழந்தை உதவித்தொகையே கதி. அத்தொகை 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் உயர்ந்தது: பிள்ளைக்கு 100 ரிங்கிட்டாக இருந்தது, 6 வயதுவரை 200, 7 முதல் 18 வரை 150 என்றாயிற்று, குடும்ப மேல்வரம்பு 450இலிருந்து 1,000 ஆயிற்று. உறவினர்க்குப் பணம் கொடுத்தால் பாசம் வாணிகமாகும் என்பார் ஒருசாரார். இவ்வாதம் கேட்க இனியது, அரிசிக்கடையில் செல்லாது. இல்லத்தில் சேர்த்தால் செலவிட அணியமாக இருக்கும் அரசு, வீட்டில் வைத்துக் காப்பவளிடம் மட்டும் பாசத்தைக் காட்டிக் கைவிரிப்பது எவ்வாறு பொருந்தும்?

இங்கிலாந்திலும் இதே வழக்கு நடந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கு உறவினரிடம் வளர்கின்றனர். உறவினர்க்கு உதவித்தொகை தந்து சோதித்துப் பார்க்க 40 மில்லியன் பவுண்டு ஒதுக்குவதாக 2024 அக்டோபரில் அந்நாட்டரசு அறிவித்தது.

மலேசியாவில் அதே ஆண்டு வாதம் குடியுரிமையைச் சுற்றியது. கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தாமாகக் கிடைத்த குடியுரிமையை மாற்ற முன்மொழிந்த திருத்தம் கடும் எதிர்ப்பால் மார்ச்சில் கைவிடப்பட்டது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு உரிமை தந்த திருத்தமோ அக்டோபர் 17இல் மக்களவையில் நிறைவேறியது. உறவினர் வளர்க்கும் ஆவணமற்ற பிள்ளைகள் பழைய நிலையிலேயே விண்ணப்பித்துக் காத்திருக்கின்றனர்.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சமூகநலமும் குழந்தைப் பாதுகாப்பும் கூட்டுப் பட்டியலில் உள்ளன. குடியுரிமை ஜொகூர் சட்டமன்றத்தின் கையில் இல்லை, உதவித்தொகை அவ்வாறன்று. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்து உறவினர் காப்பில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை திங்கள்தோறும் 2,000 ரூபாய் தருகிறது. அதனைத் தருவது மாநில அரசே.