குத்தகையும் பாட்டமும்: பெரியாற்று ஆவணங்களின் சொல் வரலாறு

தேக்கடியில் படகேறுவோர் காண்பது கானுயிர் உலவும் ஓர் ஏரி. அந்நீர்ப்பரப்பு 1895இல் நிறைவுற்ற பெரியாற்று அணையால் தோன்றியது என்பதை, நீரிடையே நிற்கும் பட்டமரங்கள் உணர்த்துகின்றன. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள இவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே தமிழ்நாட்டின் வைகைப் படுகையை அடைகிறது. இவ்வேற்பாட்டிற்கு அடிப்படையான ஆவணத்தை இரு மொழிகளும் எச்சொல்லால் குறிக்கின்றன என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அவ்வாவணம் 999 ஆண்டுகளுக்குரியது. நீர்த்தேக்கத்திற்கென 8,000 ஏக்கர் நிலம் விடப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அந்நிலத்தில் வந்துசேரும் நீர் முழுவதும் குத்தகையில் அடங்கும். ஆயினும் நீருக்கு அளவோ விலையோ குறிக்கப்படவில்லை. ஆவணத்தின் அளவை ஏக்கரே.

இதனைத் தமிழர் 'குத்தகை' என்பர். மலையாளிகள் 'பாட்டம்' என்பர். பாட்டம் என்பது பழந்தமிழ் ஆட்சியில் வரியைக் குறித்து வழங்கிய சொல்லே. அகராதிப்படி இவ்விரண்டும் நேர்ச்சொற்கள். ஆயின் அவற்றின் சமூக வரலாறு வேறு. கேரளத்தில் பாட்டம் ஜன்மிக்கும் குடியானவருக்கும் இடைப்பட்ட உறவைச் சுட்டியது. நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்படி 1970 ஜனவரி 1 முதல் அவ்வுறவு ஒழிந்தது. பயிரிட்டவர் நிலத்திற்கு உரியவராயினர். அவ்வாண்டிலேயே பெரியாற்றுக் குத்தகை துணை ஒப்பந்தங்களால் உறுதிசெய்யப்பட்டது. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்திற்கும் மின் உற்பத்தி உரிமை தமிழ்நாட்டிற்கும் உரியவாயின. வயலில் வழக்கொழிந்த உறவின் பெயர் அணையில் நிலைத்தது.

பாலக்காட்டு மாவட்டத்துப் பறம்பிக்குளம் அணையையும் தமிழ்நாடே இயக்குகிறது. எனினும் பறம்பிக்குளம்–ஆளியாறு ஆவணம் குத்தகையன்று, 'ஒப்பந்தம்'. 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாவதாகக் கொள்ளப்பட்ட அது நீரையே அளக்கிறது. மணக்கடவில் கேரளத்திற்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் தரப்பெற வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கொரு முறை மறு ஆய்வும் உண்டு.

2014இல் உச்ச நீதிமன்றம் பெரியாற்று அணையில் 142 அடி நீர்மட்டத்தை ஏற்றது. இத்தகைய தீர்ப்புகளைப் பெயர்ப்போர்க்கு 'குத்தகை' என்னும் ஒரு சொல் போதாது. எது அளக்கப்படுகிறது, எவ்வளவு காலத்திற்கு என்பனவும் பெயர்ப்பில் விளங்க வேண்டும். இன்றேல் ஒரு மொழியில் உரிமையாகத் தோன்றுவது மறுமொழியில் அடிமைத்தனமாகத் தோன்றும்.