விற்ற பயறும் மடக்கிய பயறும்

பருத்திக்கு முந்திய பட்டத்தில் பயறு விதைத்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முற்றவிட்டு அறுத்து விற்கலாம். பூக்கும்போதே மடக்கி உழலாம். முன்னது பையை நிரப்பும், பின்னது மண்ணை நிரப்பும் என்பதே பொது எண்ணம்.

ஆஸ்திரேலியாவின் நாராப்ரை வட்டாரத்தில், நம் கரிசலுக்கு உறவான வெடிப்புக் களிமண்ணில், இயன் ராச்செஸ்டர் குழுவினர் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. பயறல்லாத பயிரை அடுத்து வந்த பருத்திக்குக் கட்டுபடியான தழைச்சத்து உர அளவு ஹெக்டேருக்குச் சராசரியாக 179 கிலோ. அறுவடை செய்த பயறை அடுத்து 90. மடக்கி உழுத பயறை அடுத்து 52.

பசுந்தாள்தான் முந்துகிறது. ஆனால், எதிர்பார்த்த அளவுக்கா? இடைவெளி வெறும் 38 கிலோ. ஃபாபா பீன்ஸ் என்னும் பயறின் மணியில் கால் பங்கு புரதம் என்று கொண்டால், ஒரு டன் மணியோடு சுமார் 40 கிலோ தழைச்சத்து வயலை விட்டு வெளியேறும். நன்கு விளைந்த வயல் இரண்டு டன்னுக்கு மேல் தரும். விற்றுப்போன சத்து, உரக் கணக்கில் விழுந்த துண்டைவிடப் பெரிது! (பல பயிர்களின் சராசரி இது, கணக்கை நூல் பிடித்தாற்போல் நீட்டக்கூடாது.) மடக்கிய தழையின் சத்து முழுவதும் அடுத்த பருத்திக்கே போய்ச் சேருவதில்லை. ஒரு பங்கு மண்ணின் மக்கில் தங்குகிறது. இன்னொரு பங்கு, பாசன நீர் தேங்கும் களிமண்ணில் வாயுவாகிப் பறக்கிறது. அறுத்த பயறோ தாள், வேர், உதிர்ந்த இலை ஆகியவற்றில் ஒரு பங்கை விட்டுச் செல்கிறது.

இரண்டு வழிக்கும் பொதுவான இன்னொரு நன்மை தழைச்சத்தைச் சாராதது. பயறு நின்ற மண்ணின் இறுக்கம் குறைந்திருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. யூரியா மூட்டையால் ஆகாத வேலை இது.

உண்மையான வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாராப்ரையில் பருத்தி விதைப்பு பெரும்பாலும் அக்டோபரில். வெட்ச் என்னும் தீவனப் பயறைச் செப்டம்பர் வாக்கில் அழித்துவிட்டு அதே பருவத்தில் பருத்தி போடலாம். ஃபாபா பீன்ஸ் அறுவடை முடிவதற்குள் விதைப்புக் காலம் நழுவிவிடும்; நிலம் அடுத்த அக்டோபர் வரை தரிசாகக் கிடக்கும். அந்த நீண்ட தரிசில் எச்சங்கள் மட்கி நைட்ரேட்டாகும். பெருமழை பெய்தால் அதில் ஒரு பங்கு இழப்பாகவும் கூடும்.

ஆகவே விதைப்புக்கு முந்திய மண் நைட்ரேட் பரிசோதனை, அறுத்த பயறின் கொடையைப் பெரும்பாலும் உள்ளபடி காட்டும். அண்மையில் மடக்கிய பயறின் கொடையைக் குறைத்தே காட்டும். தழை இன்னும் நைட்ரேட்டாகவில்லை. அந்தச் சீட்டை மட்டும் நம்பி யூரியாவைக் கொட்டினால் செடி தழைத்துக்கொண்டே போகும், காய் முதிர்வது தள்ளிப்போகும், இலையுதிர்ப்பு மருந்தும் சரியாக வேலை செய்யாது. மடக்கி உழுதவர் அடியுரத்தைக் குறைத்துக்கொண்டு, சப்பையும் பூவும் வரும் சமயத்தில் இலைக்காம்பின் நைட்ரேட்டைச் சோதித்து மேலுரத்தை முடிவு செய்வது மேல்.