எழுத்து வரிசையும் செவிவழி வாசிப்பும்

பார்வையற்றோர் இணையத் தமிழைப் படிப்பதில் எழுந்த இடர்ப்பாடு, அடிப்படையில் எழுத்து வரிசை பற்றியதாகும். 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் 'கெ' என்பது ககரத்தின் பின் எகரமாக, ஒலிமுறையில் அமைந்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தாப்' முதலான எழுத்துருக் குறியீடுகளோ, கண் காணும் முறையில் கொம்பை முன்வைத்தன. பிறமொழிக் குறிகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. உரிய எழுத்துரு இருப்பின் கண் படித்தது. திரைவாசிப்பானுக்குக் கிட்டியவை பொருளற்ற குறிகளே. 1991-இல் தமிழுக்கு இடமளித்த யூனிகோடு ஒலிமுறையையே கைக்கொண்டது. தமிழக அரசு அதனை 2010-இல் ஏற்றது.

ஆயினும், படமாக இடப்படும் தமிழ்ப் பக்கங்கள் இன்றும் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை. படத்திற்கு மாற்றுரை எழுதுதலும் பக்கத்தின் மொழியைக் குறித்தலும் மொழிபெயர்ப்பாளர்தம் கடமையெனக் கொள்ளத்தக்கன.