விடை சொல்லாத கணினி



பிள்ளைக்கு உயிரியல் படிக்க எந்தச் செயலி நல்லது என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். பெயர் சொல்வதற்குப் பதில் ஒரு சிறு வரலாறு சொல்கிறேன். நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்காவில் பள்ளி அறிவியல் பற்றிய கவலை பெரிதாகியது. 1958இல் பி.எஸ்.சி.எஸ். என்ற உயிரியல் பாடத்திட்டக் குழு உருவானது. அதில் பங்கேற்ற சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் ஷ்வாப், பாடநூல்கள் முடிவுகளை மட்டும் அடுக்குகின்றன, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை மறைத்துவிடுகின்றன என்றார்.

1963இல் வந்த அக்குழுவின் ஆசிரியர் கையேட்டில் இதற்கான பயிற்சிகள் இருந்தன. ஒன்றைப் பாருங்கள். ஈரத்தாளில் வைத்த மக்காச்சோள விதைகள் ஒரு தட்டில் இருட்டிலும், இன்னொரு தட்டில் வெளிச்சத்திலும் இருக்கின்றன. வெப்பநிலை ஒன்றே. நான்கு நாளில் இரண்டு தட்டிலும் எல்லாம் முளைத்துவிட்டன. என்ன முடிவுக்கு வரலாம்? "விதை முளைக்க ஒளி தேவையில்லை" என்று அவசரப்படுவோம். சோதித்தது மக்காச்சோளத்தை மட்டும்தானே! லெட்யூஸ் கீரையில் சில ரக விதைகளுக்கு ஒளி வேண்டும். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் நாமும் சொல்லலாம்.

இந்த எண்ணம் கணினிக்குள் வந்தது 1980களில். பெலாய்ட் கல்லூரியின் ஜான் ஜங்க் என்ற உயிரியல் பேராசிரியரும் ஜான் காலி என்பவரும் மரபியலுக்கு ஒரு மென்பொருள் செய்தார்கள். திரையில் சில பூச்சிகள் வரும். மாணவர் ஆணையும் பெண்ணையும் தேர்ந்து கலப்பினம் செய்வார். சந்ததி எண்ணிக்கை உடனே கிடைக்கும். நிஜப் பழ ஈ என்றால் ஒரு தலைமுறைக்குப் பத்து நாளாவது காத்திருக்க வேண்டும். எந்தப் பண்பு ஓங்கியது, எது ஒடுங்கியது என்று மாணவரே ஊகித்து, அடுத்த கலப்பில் சோதிக்க வேண்டும்.

கடைசிவரை மென்பொருள் விடையைச் சொல்லாது! இயற்கையிடம் விடைப்பக்கம் கிடையாது அல்லவா? தன் முடிவைச் சான்று காட்டிச் சக மாணவர்களை ஏற்கவைப்பதுதான் அங்கே தேர்வு. 1986இல் தொடங்கிய பயோகுவெஸ்ட் அமைப்பு இதையே தன் கொள்கையாக்கியது: கேள்வியை எழுப்பு, தீர்வு தேடு, சகாக்களை நம்பவை.

நம் தமிழ்நாட்டில் 2018 முதல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தது. கிராமத்துப் பிள்ளையும் கைப்பேசியில் இதயத்தின் இயக்கத்தைப் பார்க்க முடிகிறது. பெரிய வரம்தான். ஆனால் காணொளி எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிட்டால், அதுவும் இன்னொரு பாடநூல்தான். படம் அசைகிறது, அவ்வளவே.

ஆகவே செயலி வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். அது பிள்ளையைக் கேட்கிறதா, பிள்ளைக்குச் சொல்கிறதா? சொல்வது மட்டும் என்றால், முடிவு வருமுன் காணொளியை நிறுத்தி, "இனி என்ன நடக்கும்? ஏன்?" என்று நீங்கள் கேளுங்கள். பிள்ளை தன் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். பிறகு ஓடவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

அன்புடன்,
உங்கள் உயிரியல் ஆசிரியர்