மென்பொருள் நீக்க ஸ்கிரிப்ட்

ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கணினிகளிலிருந்து வேண்டாத மென்பொருளை மிச்சமின்றி அகற்றும் கட்டளைத் தொகுப்பு. கணினிகள் வரிசையாக இயங்கும் இடங்களில் ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து நீக்கிக்கொண்டிருப்பது ஆகாத வேலை.

விண்டோஸில் இதற்கு வழக்கமான கருவி பவர்ஷெல். ரெஜிஸ்ட்ரியின் ‘அன்இன்ஸ்டால்’ பகுதியில் பெயரைத் தேடி, அங்குள்ள நீக்கக் கட்டளையைத் திரையில் கேள்வி எழாதபடி ஓட்ட வேண்டும். 64 பிட் கணினியில் 32 பிட் நிரல்களுக்கு அந்தப் பகுதி தனி. பலரும் தவறவிடுவது இதைத்தான். விண்டோஸின் மேலாண்மை வகுப்பான ‘வின்32 புராடக்ட்’ வழியே தேடவே கூடாது: பட்டியல் கேட்ட மாத்திரத்தில் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) தொகுப்புகள் ஒவ்வொன்றையும் அது சரிபார்க்கத் தொடங்கிவிடும், சிலவற்றைப் பழுதுபார்க்கவும் செய்யும். பயனரின் ‘ஆப்டேட்டா’ கோப்புறையில் தங்கியவற்றைத் தனியே துடைக்க வேண்டும்.

எம்எஸ்ஐ நீக்கத்தில் முடிவுக் குறியீடாக 0 வந்தால் வேலை முடிந்தது. 3010 என்றால் மறுதொடக்கம் பாக்கி. 1605 என்றால் அந்த மென்பொருள் அங்கே நிறுவப்பட்டிருக்கவில்லை.