பொதிச்சேணமும் படையெடுப்பும்: அரிசோனாவின் கோவேறு கழுதைகள்

முன்னுரை

அமெரிக்காவின் தென்மேற்கில் அப்பாச்சி மக்களுக்கு எதிராக 1870, 1880களில் நடந்த போர்களைப் பற்றிய வரலாறுகள் படைத்தலைவர்களையும் படைக்கலன்களையுமே பெரிதும் பேசுகின்றன. வண்டி செல்லவியலாத அம்மலைகளில் படையின் உணவும் தோட்டாக்களும் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே சென்றன. அம்முதுகில் சேணம் பொருத்தப்பட்ட முறை, படை எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை வரையறுத்த காரணிகளுள் ஒன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சுமையின் கணக்கு

ஜார்ஜ் குரூக் 1871இல் அரிசோனாவின் படைத்தலைமையை ஏற்றார். அவருடைய உதவி அலுவலர் ஜான் போர்க் 1891இல் வெளியிட்ட நினைவு நூலில் இரண்டு அளவுகளைத் தருகிறார். படைவிதிப்படி ஒரு கோவேறு கழுதைக்குரிய சுமை 175 பவுண்டு (ஏறத்தாழ 79 கிலோ). குரூக்கின் விலங்குகள் சுமந்ததோ சராசரியாக 320 பவுண்டு (ஏறத்தாழ 145 கிலோ). விலங்குகளைத் தேர்ந்தெடுத்ததிலும் பழக்கியதிலும் குரூக் காட்டிய கவனம் இதற்கு ஒரு காரணம். சேணம் மற்றொரு காரணம்.

பொருத்தும் முறை

‘அப்பரேஹோ’ எனப்பட்ட அச்சேணம் ஸ்பானியர் வழியாக மெக்சிகோவில் வேரூன்றியது. தோலால் தைக்கப்பட்ட அதன் இரு பக்கப் பைகளிலும் மெல்லிய குச்சிகளை நிறுத்தி, உலர்புல்லைத் திணிப்பர். மரச்சட்டச் சேணத்தின் வடிவம் மாறாதது. அது பொருந்தாத முதுகில் புண் உண்டாகும். அப்பரேஹோவையோ அந்தந்த விலங்கின் உடலமைப்புக்கேற்ப அமைக்க முடிந்தது. முதுகில் வீக்கம் தென்பட்டால், பையின் உட்புறத் துளை வழியே கைவிட்டு அவ்விடத்துப் புல்லை நீக்கி அழுத்தத்தைக் குறைப்பர். முதுகெலும்பின்மேல் பளு விழாது. அது விலாவின் இருபுறமும் பரவும்.

கோவேறு கழுதையின் தோள்மேடு தாழ்ந்திருப்பதால், இறக்கத்தில் சேணம் முன்னோக்கி வழுக்கும். வாலின் கீழாகச் செல்லும் அகன்ற தோல்வார் அதனைத் தடுத்தது. ஒன்றுக்குப் பொருத்திய சேணத்தை மற்றொன்றுக்கு இடுவதில்லை. மாறிவிடாதிருக்க அடித்துணியில் தனி அடையாளம் தைக்கப்பட்டது.

முடிவுரை

இவ்வறிவு மெக்சிகோவின் பொதிகாரர்கள் தலைமுறைகளாகக் கையாண்டது. பொதிகாரர் தலைவராகப் பணியாற்றிய ஹென்றி டேலி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைப் படைக்குரிய கையேடாக எழுதினார். 1883இல் குரூக், அப்பாச்சிச் சாரணர்களுடனும் பொதிவரிசைகளுடனும் மெக்சிகோவின் சியேரா மாத்ரே மலைக்குள் நுழைந்தபோது, அதுவரை பாதுகாப்பாயிருந்த அப்பாச்சிப் புகலிடம் எட்டக்கூடியதாயிற்று. விலங்கின் முதுகைக் காத்த அதே நுட்பம் ஒரு மக்களின் நிலஇழப்புக்கும் துணைநின்றது. ஆகவே தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் இணைத்தே நோக்குதல் வேண்டும்.