குலம் விசாரிக்கும் கார்கள்

குலமும் கோத்திரமும் மனிதனோடு நிற்பதில்லை. மோட்டார் காருக்கும் அவை உண்டு.

ஷெல்பி கோப்ரா என்று ஒரு பந்தயக் கார். 1962-ல் பிறந்தது. 1960-களில் செய்தவை சுமார் ஆயிரம்தான். முதல் வண்டி 2016-ல் 1 கோடியே 37½ லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஆகவே ரசிகர்கள் அதே உருவத்தில் நகல் வண்டிகளைக் கட்டிக்கொள்கிறார்கள். அசலைப் போல உள்ளே ஃபோர்டு கம்பெனியின் எட்டு சிலிண்டர் இஞ்சின் இருந்தால் தொல்லையில்லை. ஃபோர்டின் பரம வைரியான செவர்லேயின் இஞ்சினை ஒருவன் வைத்துவிட்டானோ, பானெட்டைத் திறந்ததும் பலருக்கு முகம் சுளித்துவிடும். மின்சார மோட்டார் வைத்தவன் பாடு இன்னும் மோசம். ஆசாரம் கெட்டுவிட்டதாம்!

சரி, அசலின் பூர்வோத்தரம் என்ன? இங்கிலாந்தில் ஏ.ஸி. கம்பெனி 1953 முதல் 'ஏஸ்' என்ற சிறிய காரைச் செய்து வந்தது. முதலில் அதற்குச் சொந்த இஞ்சின். 1956 முதல் பிரிஸ்டல் கம்பெனியின் இஞ்சினும் சேர்ந்தது. இந்தப் பிரிஸ்டலின் வம்சத்தைத் துருவிக்கொண்டு போனால், யுத்தத்துக்கு முந்திய ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வில் போய் நிற்கும். 1961-ல் பிரிஸ்டலும் கையை விரித்தது.

அந்தச் சமயத்தில் காரல் ஷெல்பி என்ற அமெரிக்கர் ஏ.ஸி.க்கு எழுதினார். 1959-ல் ல மான் பந்தயத்தில் வென்றவர். இருதய நோயால் பந்தயத்தை விட்டவர். உங்கள் வண்டியில் அமெரிக்க இஞ்சினை வைக்கலாமே என்பது அவர் யோசனை. இஞ்சினுக்காக அவர் முதலில் போய் நின்றது செவர்லே வாசலில்தான்! தங்கள் கார்வெட்டுக்குப் போட்டி எதற்கு என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள், ஃபோர்டு கொடுத்தது. இரண்டு லிட்டர் இருந்த இடத்தில் 4.2 லிட்டர் உட்கார்ந்தது. 1965-ல் கோப்ரா குடும்பம் ஜி.டி. கார்களின் சர்வதேசப் பட்டத்தை ஃபெராரியிடமிருந்து தட்டிக்கொண்டது.

வைதிகர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நகல் என்று சொல்லிக்கொண்டால் அசலுக்கு விசுவாசம் வேண்டாமா என்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் கோப்ராவின் குலாசாரமே இஞ்சினை மாற்றுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1990-ல் ஷெல்பியின் நோயுற்ற இருதயத்தை எடுத்துவிட்டு, இன்னொருவருடைய இருதயத்தைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு 2012 வரை அவர் வாழ்ந்தார், அசல் ஷெல்பியாகவே.